உங்களுக்குத் தெரியுமா? – லாத்தூர் வக்கீலும் ரஜாக்கர் படையும்

● 1947 ஆகஸ்ட் 15 அன்று நாடு முழுக்க மூவண்ணக் கொடி ஏறியது. ஹைதராபாத் சமஸ்தானத்தில் மட்டும் கொடி ஏற்றியவர்களைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். ஹைதராபாத் ஸ்டேட் காங்கிரஸ் தலைவர் சுவாமி ராமானந்த தீர்த்தர் அன்றே கைதானார். அந்த மண்ணில் பயமில்லாமல் கொடி ஏற இன்னும் 13 மாதம் ஆனது. அந்த 13 மாதமும் சமஸ்தானத்தை ஆட்டிவைத்தவர் லாத்தூரில் வக்கீல் தொழில் பார்த்த காசிம் ரஜ்வி. அவருடைய ரஜாக்கர் படையைப் பற்றியும், அதன் பெயரால் சீரழிந்த மனிதர்களைப் பற்றியும்தான் இந்தத் துணுக்குகள்.

● ஹைதராபாத் என்றதும் இன்றைய நகரத்தை நினைத்துக்கொள்ளக் கூடாது. அந்தச் சமஸ்தானத்தின் பரப்பு 82,000 சதுர மைலுக்கு மேல். இன்றைய தெலங்கானா ஏறத்தாழ முழுவதும், மகாராஷ்டிரத்தின் மராத்வாடா, கர்நாடகத்தின் பீதர், கலபுரகி, ராய்ச்சூர் பகுதிகள் எல்லாம் அதற்குள் அடக்கம். 1941 கணக்கெடுப்பில் மக்கள்தொகை சுமார் 1.6 கோடி. சொந்த நாணயம், சொந்தத் தபால்தலை, சொந்த ரயில், சொந்த விமான கம்பெனி. தெலுங்கும் மராத்தியும் கன்னடமும் பேசிய குடிகளை உருது பேசிய அரசாங்கம் ஆண்டது. குடிகளில் 100-க்கு 85 பேர் இந்துக்கள். அரசு உத்தியோகத்திலும் போலீஸிலும் பட்டாளத்திலும் அந்த விகிதம் தலைகீழ்.

● ஹைதராபாத்தின் மன்னரை நிஜாம் என்பார்கள். ஏழாவது நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் 1911-இல் பட்டத்துக்கு வந்தவர். உலகத்திலேயே பெரிய பணக்காரர் என்று 1937-இல் அமெரிக்காவின் ‘டைம்’ பத்திரிகை அவர் படத்தை அட்டையில் போட்டது.

● ரஜாக்கர் படையை ரஜ்வி ஆரம்பிக்கவில்லை. அதன் தாய் அமைப்பு 1927-இல் தோன்றிய மஜ்லிஸ்-இ-இத்திஹாத்-உல்-முஸ்லிமீன், சுருக்கமாக இத்திஹாத். அதை மக்கள் இயக்கமாக வளர்த்தவர் பகதூர் யார் ஜங் என்ற ஜாகிர்தார். உருது மேடைப் பேச்சில் அவருக்கு இணை கிடையாது என்பார்கள். 1944-இல், 40 வயது நிறையும் முன்பே, விருந்துக்குப் போன இடத்தில் ஹூக்கா இழுத்துக்கொண்டிருந்தவர் சட்டென்று சாய்ந்து இறந்தார். விஷம் வைத்துவிட்டார்கள் என்ற பேச்சு கடைசிவரை ஓயவில்லை. அவருக்குப் பின் வந்த தலைமை நிலைக்கவில்லை. 1946-இல் அந்த நாற்காலிக்கு வந்தார் ரஜ்வி.

● ரஜ்வி அலிகாரில் சட்டம் படித்தவர். பெரிய ஜாகிர் குடும்பமோ அரண்மனைச் செல்வாக்கோ அவருக்கு இல்லை. ஒரு மாவட்ட ஊரின் வக்கீல், ஒன்றிரண்டு வருஷத்தில், பிரதம மந்திரியை மாற்றும் அளவுக்கு எப்படி வளர்ந்தார்? இத்திஹாத்தின் கொள்கையில் அதற்கான விடை இருக்கிறது. ஹைதராபாத்தின் ஆட்சியுரிமை நிஜாம் என்ற தனி மனிதரிடம் இல்லை, அங்குள்ள முஸ்லிம் சமுதாயம் முழுவதிடமும் இருக்கிறது, நிஜாம் அதன் அடையாளம் மட்டுமே என்று அது சொல்லிக்கொடுத்தது. குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்த ஏழைக்கும் ‘நீயும் ஒரு அரசன்’ என்று சொன்னால் அவன் கேட்காமல் இருப்பானா? அந்த அரசுரிமை போகப்போகிறது என்று பயம் காட்டினால் ஈட்டி எடுக்காமல் இருப்பானா? ரஜ்வி செய்தது இவ்வளவுதான். ஆனால் இரவும் பகலும் செய்தார்.

● ரஜாக்கர் என்றால் தொண்டர். காக்கி உடை, அணிவகுப்பு, உயிர் கொடுக்கும் உறுதிமொழி. எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டும் என்று சொல்லிக்கொண்டார்கள். பெரும்பாலோர் கையில் ஈட்டி, வாள், பழைய மருந்துத் துப்பாக்கி. டாங்கி வைத்திருந்த இந்திய ராணுவத்துக்கு இவர்கள் எந்த வகையிலும் ஈடாக மாட்டார்கள். நிராயுதபாணியான கிராமத்துக்கு எமனாக இருக்க அந்த ஈட்டி போதுமானதாக இருந்தது.

● 1947 அக்டோபர் 27. இந்தியாவோடு ஓராண்டுக்கு ‘இருந்தது இருந்தபடி’ தொடரும் ஒப்பந்தத்தை நிஜாமின் மந்திரி சபை பெரும்பான்மை வாக்கில் ஏற்றுக்கொண்டுவிட்டது. நிஜாமும் சரி என்றுவிட்டார். பிரதமர் சத்தாரி நவாப், பிரிட்டிஷ் சட்ட ஆலோசகர் சர் வால்டர் மாங்க்டன், சர் சுல்தான் அகமது மூவரும் விடிந்தால் டெல்லிக்கு விமானம் ஏற வேண்டும்.

விடியும் முன் இருட்டிலேயே ஆயிரக்கணக்கானோர் மூன்று பேர் வீட்டையும் சூழ்ந்துகொண்டார்கள். ஒலிபெருக்கிச் சத்தம், கோஷம். வாசலைத் தாண்ட வழியில்லை. ஒரு சமஸ்தானத்தின் பிரதமர் வீட்டை ஊரறியக் கூட்டம் முற்றுகையிடுகிறது, போலீஸ் கலைக்கவில்லை. கடைசியில் ராணுவத்தின் துணையோடுதான் அவர்கள் வெளியேற முடிந்தது. டெல்லிப் பயணம் நின்றது. ரஜ்வி நிஜாமைச் சந்தித்தார். இந்தியாவுக்குக் காஷ்மீர் தலைவலி இருக்கிறது, இன்னும் கறாராகப் பேசினால் நல்ல நிபந்தனை கிடைக்கும் என்பது அவர் வாதம். நிஜாம் மனம் மாறினார். சத்தாரி ராஜினாமா செய்தார். ஹைதராபாத்தின் தலையெழுத்து மாறியது அந்தக் காலையில்தான் என்று நான் நினைக்கிறேன். அன்று அரண்மனை ஒரே ஒரு உத்தரவு போட்டிருந்தால் அந்தக் கூட்டம் கலைந்திருக்கும்.

● புதிய தூதுக்குழு டெல்லிக்குப் போய் ஒரு மாதம் பேசியது. நவம்பர் 29-இல் கையெழுத்தான ஒப்பந்தம், முதலில் மறுத்த அதே ஒப்பந்தம்தான். ஏறக்குறைய ஒரு சொல்லும் மாறவில்லை. மாறியது ஹைதராபாத்தின் பிரதமர். இத்திஹாத்தின் ஆசியோடு தொழிலதிபர் மீர் லாயக் அலி பதவிக்கு வந்தார்.

● ஒப்பந்தத்தின்படி செகந்திராபாத்திலிருந்த இந்தியப் படைகள் 1948 பிப்ரவரிக்குள் வெளியேறின. அதன் பிறகு ரஜாக்கர்களைத் தடுக்க ஆள் இல்லை. இந்தியாவின் பிரதிநிதியாக அங்கே போனவர் கே.எம். முன்ஷி. குஜராத்திச் சரித்திர நாவலாசிரியராக அவரை அறிந்தவர்கள் இந்தப் பாத்திரத்தையும் அறிந்துகொள்ள வேண்டும்.

● 1947 டிசம்பர் 4 அன்று நிஜாமின் கார் மீது குண்டு எறிந்தவர் நாராயண ராவ் பவார் என்ற ஆரிய சமாஜ இளைஞர். நிஜாம் தப்பினார். தூக்குத் தண்டனை விதிக்கப்பட்ட பவார், பின்னால் விடுதலையானார்.

● இன்று எய்ம்ஸ் மருத்துவமனை இருக்கும் பீபிநகர், ஹைதராபாத்துக்குப் பக்கத்து ஊர். 1948 ஜனவரி 10 அன்று ரஜாக்கர் கூட்டம் அங்கே புகுந்து அடித்துக் கொள்ளையிட்டது. அந்த மாதங்களில் நடந்த நூற்றுக்கணக்கான கொள்ளைகளில் இதுவும் ஒன்று. ஆனால் ரஜ்வியைக் கடைசியில் சிறைக்கு அனுப்பியது இந்த ஊர் வழக்குதான்.

● ஹைதராபாத்தின் கிழக்கு, தெற்கு எல்லை நெடுகச் சென்னை மாகாணம். கிருஷ்ணா, குண்டூர், கர்னூல் எல்லாம் அப்போது சென்னையிலிருந்து ஆளப்பட்டவை. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதல்வர். ரஜாக்கர்களுக்குப் பயந்து மூட்டை முடிச்சோடு எல்லை தாண்டி வந்தவர்களுக்கு இடமும் சோறும் பார்த்தது அவருடைய அரசு. விஜயவாடா அன்றைக்கு அகதிகளின் ஊராகவே இருந்தது. ஓமந்தூரார் என்றால் ஆலயப் பிரவேசமும் ஜமீன் ஒழிப்பும் நினைவுக்கு வருகின்றன. இந்த எல்லைச் சுமையையும் அவர் கணக்கில் எழுத வேண்டும்.

● சென்னை மாகாணத்தைச் சேர்ந்த முனகாலா பர்கானா, நாலு பக்கமும் நிஜாம் நிலம் சூழ்ந்த தீவு. அதுபோலவே கிருஷ்ணா மாவட்டத்துக்குள் நிஜாமுக்குச் சொந்தமான பரிட்டாலா. எல்லைக் கோடு இப்படிச் சிக்கலாகக் கிடந்த இடங்களில் யார் சட்டம் செல்லும் என்று கேட்டால் ஊர்க்காரர்களுக்கே தெரியாது.

● டெல்லி செங்கோட்டையில் நிஜாமின் ஆசப் ஜாஹி வம்சக் கொடி பறக்கும், வங்கக் கடலின் அலை நிஜாமின் பாதத்தைக் கழுவும் என்றெல்லாம் ரஜ்வி பேசியதாக 1948 வசந்தத்தில் பத்திரிகைகளில் செய்தி வந்தது. சமஸ்தானத்துக்குக் கடற்கரையே கிடையாது. துறைமுகம் கிடையாது. சுற்றிலும் இந்தியா. இதைக் கேட்டுக் கைதட்டியவர்களின் வீட்டுப் பிள்ளைகள்தான் ஐந்தே மாதத்தில் டாங்கிகளுக்கு எதிரே ஈட்டியோடு நின்றார்கள் என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது.

● மே 22-இல் கங்காபூர் ஸ்டேஷனில் ரஜாக்கர்கள் ரயிலை மறித்துப் பயணிகளைத் தாக்கினார்கள். உயிர்ச்சேதமும் உண்டு. இந்தியா முழுக்கக் கொதித்தது.

● நிஜாம் அரசுக்கு எதிரே இன்னொரு படையும் இருந்தது. தெலங்கானா கிராமங்களில் தேஷ்முக் என்ற நிலப் பிரபுக்கள் ஆயிரக்கணக்கான ஏக்கரை வளைத்துப்போட்டு, குடிகளிடம் கூலியில்லா வெட்டி வேலை வாங்கினார்கள். 1946 ஜூலை 4 அன்று கடவெண்டி கிராமத்தில் தேஷ்முக்கின் ஆட்கள் சுட்டதில் தொட்டி கொமரய்யா இறந்தார். அங்கிருந்துதான் கம்யூனிஸ்டுகள் தலைமையில் தெலங்கானா ஆயுதப் போராட்டம் மூண்டது. பாலகுர்த்தியில், குத்தகைக்கு எடுத்த நிலத்தில் விளைந்த கதிரை தேஷ்முக்கின் ஆட்கள் அறுக்க வந்தபோது, கிராமச் சங்கத்தாரைச் சேர்த்துக்கொண்டு எதிர்த்து நின்று விளைச்சலை வீடு சேர்த்த சலவைத் தொழிலாளர் குலத்துப் பெண் ஐலம்மாவின் பெயர் இன்றும் தெலங்கானாவில் எல்லார் வாயிலும் இருக்கிறது. அடக்குமுறைக்குப் போலீஸ் போதாத இடங்களில் தேஷ்முக்குகள் ரஜாக்கர்களைத் துணைக்கு அழைத்தார்கள். அந்தத் தேஷ்முக்குகளில் பெரும்பாலோர் இந்துக்கள். இதை மறந்துவிட்டு இந்தச் சரித்திரத்தை இரண்டு மதங்களின் சண்டையாகச் சொல்வது, செத்துப்போன அத்தனை குடியானவர்களுக்கும் செய்யும் துரோகம்.

● பைரான்பள்ளி. இன்றைய சித்திபேட்டை மாவட்டத்துக் கிராமம். ஊர் நடுவில் மண்ணும் கல்லும் வைத்துக் கட்டிய பழைய கொத்தளம் ஒன்று. ரஜாக்கர்கள் முன்பு வந்தபோதெல்லாம் ஊர்க்காரர்கள் கொத்தளத்தின் மேல் ஆளை நிறுத்திக் காவல் பார்த்தார்கள். தூரத்தில் கூட்டம் தெரிந்தால் மேலிருந்து பறை முழங்கும். கீழே ஆணும் பெண்ணும் கவணும் நாட்டுத் துப்பாக்கியும் மிளகாய்ப் பொடியுமாகத் தயாராவார்கள். வந்தவர்கள் அடி வாங்கித் திரும்பினார்கள்.

1948 ஆகஸ்ட் 27 விடியற்காலையில் நிஜாமின் போலீஸையும் கூட்டிக்கொண்டு, நவீனத் துப்பாக்கிகளோடு வந்தார்கள். கவண் கல் அதற்கு எதிரே எத்தனை நேரம் தாங்கும்? கொத்தளத்திலிருந்தவர்கள் முதலில் விழுந்தார்கள். பிடிபட்டவர்களை வரிசையில் நிறுத்திச் சுட்டார்கள். செத்தவர்கள் 84 பேர் என்று ஒரு கணக்கும் நூறுக்கு மேல் என்று ஒரு கணக்கும் உண்டு. மூன்றே வாரம் தள்ளிப் போயிருந்தால் அத்தனை பேரும் பிழைத்திருப்பார்கள். அந்தக் கொத்தளம் இன்றும் நிற்கிறது. கோல்கொண்டா பார்க்கப் போகிறவர்கள் ஒரு நாளை இதற்கும் ஒதுக்கலாம்.

● பீதர் மாவட்டம் கோரட்டா கிராமத்தில் அதே ஆண்டு மே மாதம் நடந்ததும் இதே மாதிரிப் படுகொலைதான். செத்தவர்கள் இருநூறு பேர் வரை என்று சொல்கிறார்கள். கர்நாடகத்துக்கு வெளியே இந்த ஊரின் பெயர் அநேகமாகத் தெரியாது.

● ரஜ்விக்கு எதிராக எழுதிய பேனாக்களில் மிகத் துணிச்சலானது ஒரு முஸ்லிம் இளைஞருடையது. ஷோயபுல்லா கான், ‘இம்ரோஸ்’ என்ற உருது நாளிதழின் ஆசிரியர். முன்பு அவர் எழுதிவந்த பத்திரிகையை நிஜாம் அரசு மூடியது. 1947 நவம்பரில் சொந்தமாக ‘இம்ரோஸ்’ தொடங்கினார். ஹைதராபாத் இந்தியாவோடு சேர்வதே இங்குள்ள முஸ்லிம்களுக்கு நல்லது என்று உருதுவிலேயே எழுதினார். ரஜாக்கர் கொடுமைகளை ஊர் பெயரோடு எழுதினார். மிரட்டல் கடிதங்கள் வந்தன. எழுதுவதை நிறுத்தவில்லை.

1948 ஆகஸ்ட் 21 இரவு, பத்திரிகை வேலை முடித்துக் காச்சிகுடா பக்கம் வீட்டுக்கு நடந்துவந்தவரை வழிமறித்துச் சுட்டார்கள். விழுந்தவரின் வலது கையை வெட்டினார்கள். கூட வந்த மைத்துனரும் தப்பவில்லை. அவர் கையும் போயிற்று. ஷோயபுல்லா மறுநாள் விடியும் முன் இறந்தார். வயது முப்பதைத் தொடவில்லை. தன் சமுதாயத்துக்குள்ளிருந்தே உண்மையைச் சொன்னவர் அவர். இந்தியப் பத்திரிகையாளர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய பெயர். இதழியல் பாடப்புத்தகங்களில் இவரைத் தேடிக் கிடைக்காதபோது எனக்கு ஆத்திரம் வருகிறது.

● தெலங்கானாவில் நிஜாம் ஆட்சியை எதிர்த்துத் தலைமறைவாக இருந்த கம்யூனிஸ்ட் தலைவர்களில் ஒருவர் உருதுக் கவிஞர் மக்தூம் மொஹியுத்தீன். அந்தப் பக்கம், ஐ.நா.வுக்குப் போன நிஜாம் அரசின் தூதுக்குழுவில் இடம்பெற்றவர் தலித் தலைவர் ஷியாம் சுந்தர். நிஜாம் பக்கம் சாய வேண்டாம் என்று ஹைதராபாத் தலித் மக்களை அம்பேத்கர் வெளிப்படையாகவே எச்சரித்திருந்தார்.

● கம்யூனிஸ்ட் கட்சி மீதிருந்த தடையை 1948 மே மாதம் நிஜாம் அரசு திடீரென நீக்கியது. நேற்றுவரை வேட்டையாடியவர்களோடு இந்தியாவுக்கு எதிராகக் கைகோக்கும் ஆசை அதில் தெரிந்தது.

● ஹைதராபாத்துக்கு ஆயுதம் கடத்தியவர் சிட்னி காட்டன் என்ற ஆஸ்திரேலிய விமானி. இரண்டாம் உலகப் போரில் வானிலிருந்து வேவுப் படம் எடுக்கும் கலையில் முன்னோடி. கராச்சியில் விமானத்தில் சரக்கை ஏற்றி, இரவோடு இரவாக இந்திய வானத்தைக் கடந்து பீதரிலும் வாரங்கலிலும் இறக்கினார். பிரிட்டனில் பின்னால் அவர் மீது வழக்கு நடந்தது. விதித்த அபராதம் 200 பவுண்ட்.

● இந்திய நாணயம் சமஸ்தானத்துக்குள் செல்லாது என்று லாயக் அலி அரசு சட்டம் போட்டது. பாகிஸ்தானுக்கு 20 கோடி ரூபாயை, அதுவும் இந்திய அரசின் கடன் பத்திரங்களாகவே, கடனாகக் கொடுத்தது. இந்திய உள்துறை அமைச்சர் பட்டேலின் கோபம் எல்லை கடக்க இந்த இரண்டும் போதும்.

● மவுண்ட்பேட்டன் 1948 ஜூன் 21-இல் விடைபெற்றதும் கவர்னர் ஜெனரலானவர் ராஜாஜி. ஆகஸ்ட் கடைசியில் அவர் நிஜாமுக்குக் கடிதம் எழுதினார். ரஜாக்கர் படையைத் தடை செய்யுங்கள், இந்தியப் படை மறுபடி செகந்திராபாத்தில் இருக்க ஒத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார். நிஜாம் ஒப்பவில்லை. கௌரவமாக விலக நிஜாமுக்குக் கிடைத்த கடைசி வாய்ப்புகளில் அது ஒன்று.

● செப்டம்பர் 11-இல் ஜின்னா காலமானார். 13-ஆம் தேதி விடியற்காலை இந்திய ராணுவம் எல்லை தாண்டியது. ஆபரேஷன் போலோ என்று பெயர். உலகத்துக்குச் சொன்னது ‘போலீஸ் நடவடிக்கை’. சோலாப்பூர் பக்கமிருந்து மேஜர் ஜெனரல் ஜே.என். சௌத்ரியின் படையும், விஜயவாடா பக்கமிருந்து மேஜர் ஜெனரல் ருத்ராவின் படையும் முன்னேறின. முதல் நாளே நல்துர்க் விழுந்தது. 17-ஆம் தேதி மாலை சண்டை நின்றது. மறுநாள் நிஜாமின் தளபதி எல் எத்ரூஸ், சௌத்ரியிடம் சரணடைந்தார். மாதக்கணக்கில் தாங்குவோம் என்று மேடையில் சொன்னது ஐந்து நாளில் முடிந்துவிட்டது.

● இதற்கு நடுவே செப்டம்பர் 16 அன்று பாரிஸில் ஐ.நா. பாதுகாப்பு சபை கூடியது. ஹைதராபாத்தின் புகார் விவாதத்துக்கு வந்தது. இந்தியாவுக்காக எழுந்து பேசியவர் சர் ஆற்காடு ராமசாமி முதலியார். ஹைதராபாத் ஒரு தனி நாடே அல்ல, எனவே அது இங்கே புகார் கொடுக்கவே முடியாது என்பது அவர் வாதம். சபை மறுபடி கூடுவதற்குள் சமஸ்தானத்தில் சண்டை முடிந்துவிட்டது. சில நாளில் நிஜாமே புகாரை வாபஸ் வாங்கிக்கொண்டார்.

● செப்டம்பர் 23 வானொலி உரையில் நிஜாம் எல்லாப் பழியையும் ரஜ்வி மீது போட்டார். சின்னக் கும்பல் ஒன்று ஹிட்லர் பாணியில் சமஸ்தானத்தைக் கைப்பற்றித் தன்னைச் செயலற்றவராக ஆக்கிவிட்டது என்றார். இதில் பாதி உண்மை. மறுபாதி, தனக்குப் பேரம் பேசப் பயன்படும்வரை அந்தக் கும்பலை வளரவிட்டவர் அவரே. 37 வருஷம் ஆண்டவருக்கு ஒரு வக்கீலைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் இல்லை என்பதை நான் நம்பவில்லை.

● இனி வருவது பள்ளிப் புத்தகங்களில் இல்லாத பகுதி. ரஜாக்கர் ஆட்சி ஒழிந்ததும் பழிவாங்கல் தொடங்கியது. எந்தப் படையிலும் சேராத, யாரையும் தொடாத முஸ்லிம் குடும்பங்கள் கிராமம் கிராமமாக வெட்டப்பட்டன. வீடுகள், கடைகள் சூறை. பெண்கள் கடத்தல். கிணறுகளில் பிணங்கள்.

சேதி டெல்லிக்கு எட்டியதும் நேரு ஒரு நல்லெண்ணக் குழுவை அனுப்பினார். பண்டிட் சுந்தர்லால், காஜி அப்துல் கஃபார், மௌலானா அப்துல்லா மிஸ்ரி மூவரும் 1948 நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் மூன்றாம் வாரம்வரை மாவட்டம் மாவட்டமாகச் சுற்றினார்கள். குறைத்துச் சொன்னாலும் 27,000 முதல் 40,000 பேர் உயிரிழந்திருப்பார்கள் என்று எழுதினார்கள். உஸ்மானாபாத், குல்பர்கா, பீதர், நாந்தேட் நான்கும் மிக மோசம். முஸ்லிம் குடும்பங்களைத் தங்கள் உயிரைப் பணயம் வைத்துக் காப்பாற்றிய இந்துக்களைப் பற்றியும் அதே அறிக்கை சொல்கிறது.

அறிக்கையில் லாத்தூரைப் பற்றி வரும் வரிகளைப் படித்த பிறகு நெடுநேரம் வேறு வேலை ஓடவில்லை. ரஜ்வியின் ஊர். கச்சி முஸ்லிம் வியாபாரிகள் செழித்திருந்த சந்தை நகரம். அங்கே கொலை இருபது நாளுக்கு மேல் நடந்தது. பத்தாயிரம் முஸ்லிம்கள் இருந்த ஊரில் குழு போனபோது மூவாயிரம் பேர்கூட மிஞ்சவில்லை. ஆயிரத்துக்கு மேல் செத்தார்கள், மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். ரஜ்வி அப்போது ராணுவக் காவலில், உயிரோடு, பத்திரமாக இருந்தார்.

● அந்த அறிக்கையை அரசு வெளியிடவில்லை. டெல்லி நேரு நினைவு நூலகத்தில் பொதுமக்கள் பார்வைக்கு அது கிடைத்த செய்தி 2013-இல்தான் வந்தது. எத்தனை தலைமுறை கேள்விப்படாமலே போய்விட்டது!

● ரஜாக்கர் காலத்தை மிக நேர்மையாகப் பதிவு செய்த நாவல்களில் ஒன்று தமிழில் இருக்கிறது: 1977-இல் வந்த அசோகமித்திரனின் ‘பதினெட்டாவது அட்சக்கோடு’. 1931-இல் செகந்திராபாத்தில், ரயில்வே ஊழியர் குடும்பத்தில் பிறந்தவர் அவர். இருபது வயதுவரை அங்கேதான் வளர்ந்தார். நாவலின் சந்திரசேகரன் கிரிக்கெட் ஆடுகிறான், கல்லூரிக்குப் போகிறான், ரஜாக்கர்களுக்குப் பயப்படுகிறான். ஆனால் கதை இந்திய ராணுவம் வந்த சந்தோஷத்தோடு முடியவில்லை. அதற்குப் பின் நடந்த வெறியாட்டத்தின் நடுவே அவன் அடையும் அவமானத்தோடு முடிகிறது. சுந்தர்லால் அறிக்கை பூட்டிக் கிடந்த காலத்திலேயே அந்த உண்மையைத் தமிழ் வாசகன் முன் வைத்தவர் அசோகமித்திரன். இதில் எனக்குப் பெருமை உண்டு.

● பிடிபட்ட ரஜ்வியைச் சிறப்பு நீதிமன்றம் விசாரித்தது. ஷோயபுல்லா கான் கொலைக் குற்றம் மேல்முறையீட்டில் நிற்கவில்லை. பீபிநகர் கொள்ளை வழக்கு நின்றது. சண்டை முடிந்ததும் சமஸ்தானத்தை ஆண்ட ராணுவ கவர்னர் அமைத்த சிறப்பு நீதிமன்றம், புதிய அரசியல் சாசனம் தரும் சம உரிமைக்கு முரணா என்ற கேள்வியோடு வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 1953 ஜனவரியில் தண்டனை உறுதியானது. அப்போது தலைமை நீதிபதி சென்னையைச் சேர்ந்த பதஞ்சலி சாஸ்திரி. இந்தியாவோடு சேர மறுத்த படையின் தலைவருக்கு இந்திய அரசியல் சாசனத்தின் கதவு திறந்தே இருந்தது. இந்தியக் குடியரசின் ஆரம்ப வருஷங்களில் நான் மதிக்கும் விஷயங்களில் இது ஒன்று.

● வீட்டுக் காவலில் இருந்த லாயக் அலி 1950 மார்ச்சில் காவலர்களின் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டுப் பம்பாய் வழியாகக் கராச்சி போய்ச் சேர்ந்தார். அவர் தப்பியது தெரியவே நாளாகிவிட்டது. பின்னால் ஹைதராபாத்தின் வீழ்ச்சி பற்றி ஆங்கிலத்தில் ஒரு புத்தகமும் எழுதினார்.

● நிஜாமுக்கு எந்தத் தண்டனையும் இல்லை. 1950 முதல் 1956 வரை அதே ஹைதராபாத்தின் ராஜப்பிரமுகராக, அதாவது கவர்னருக்கு நிகரான மாநிலத் தலைவராக, இருந்தார். 1956 நவம்பர் 1 அன்று சமஸ்தானம் மூன்று மாநிலங்களுக்குப் பிரிந்து போனது.

● ரஜ்வி 1957 செப்டம்பரில் எரவாடா சிறையிலிருந்து வெளியே வந்தார். 48 மணி நேரத்தில் நாட்டை விட்டுப் போக வேண்டும் என்பது நிபந்தனை. போகுமுன் ஹைதராபாத் வந்து, இத்திஹாத்தின் பொறுப்பை அப்துல் வாஹித் ஒவைசி என்ற வக்கீலிடம் ஒப்படைத்தார். அவர் கட்சிக்குப் புதிய சாசனம் எழுதினார். பெயருக்கு முன்னால் ‘அகில இந்திய’ சேர்ந்தது. அவருடைய பேரன் அசதுத்தீன் ஒவைசி இன்று நாடாளுமன்றத்தில் இந்திய அரசியல் சாசனத்தை மேற்கோள் காட்டிப் பேசுகிறவர். ரஜ்வி 1970 ஜனவரியில் கராச்சியில் காலமானார். பாகிஸ்தான் அரசியலில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை.

● செப்டம்பர் 17-ஐ மராத்வாடாவில் முக்தி சங்கிராம தினமாக வெகுநாளாகக் கொண்டாடுகிறார்கள். கர்நாடகத்தின் கலபுரகிப் பகுதியிலும் விழா உண்டு. தெலங்கானாவில் மட்டும் பெயர்ச் சண்டை ஓயவில்லை. விடுதலை நாளா, ஒருமைப்பாட்டு நாளா என்று கட்சிக்கு ஒரு பெயர்.

● சண்டை நடந்த அதே வாரத்தில், 1948 செப்டம்பரில், நிஜாம் அரசின் பணம் பத்து லட்சம் பவுண்டுக்குச் சற்று மேல், லண்டனில் பாகிஸ்தான் ஹை கமிஷனர் ரஹீம்தூலாவின் கணக்குக்கு மாற்றப்பட்டது. பணத்தைத் திருப்பிக் கொடு என்று நிஜாம் கேட்டார். எனக்குத்தான் சொந்தம் என்றது பாகிஸ்தான். வங்கி யாருக்கும் கொடுக்காமல் முடக்கி வைத்தது. நிஜாம் 1967-இல் இறந்தார். வழக்கு இறக்கவில்லை. 2019 அக்டோபர் 2 அன்று லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: பணம் இந்திய அரசுக்கும் நிஜாமின் வாரிசுகளுக்கும் உரியது. அதற்குள் வட்டி சேர்ந்து தொகை மூன்றரைக் கோடி பவுண்ட் ஆகியிருந்தது.